வெள்ளிக் காசில் எஞ்சிய பெயர்கள்
உரோமர் ஆட்சிக்கு முற்பட்ட பிரித்தானியக் கெல்ட்டியர் நாணயங்கள்: ஓர் அறிமுக ஆய்வு

ஒரு மக்களின் வரலாற்றை அம்மக்களை வென்றவர்கள் எழுதிய ஏட்டிலிருந்தே அறிய வேண்டிய நிலை நேருமாயின், அவ்வேட்டை எந்த அளவிற்கு நம்புவது என்னும் வினாவும் உடன் எழும். பிரித்தானியத் தீவில் வாழ்ந்த கெல்ட்டிய இனக்குழுவினரின் வரலாறு இத்தகையது. கி.மு. 55, 54 ஆகிய ஆண்டுகளில் இருமுறை படையொடு சென்று மீண்ட ஜூலியஸ் சீசர் அவர்களைப் பற்றி எழுதினார். கி.பி. 43இல் பேரரசர் கிளாடியஸின் படை தீவின் தென்பகுதியைக் கைக்கொண்ட பின்னர் டாசிட்டஸ், சுவெட்டோனியஸ், டியோ கேசியஸ் ஆகியோர் எழுதினர். இவர்கள் யாவரும் உரோமப் பேரரசின் பக்கம் நின்றவர்கள். கெல்ட்டியர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய நூல் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை.

ஆயினும் அவர்கள் எழுதாமலே போய்விட்டனர் என்று கூறுவதற்கில்லை. அவர்தம் காசுகளில் எழுத்து உண்டு. ஒரு பவுன் எட்டுக் கிராம். அதில் ஆறில் ஒரு பங்குகூட எடையில்லாத, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளித் துண்டுகளில் மூன்றும் நான்குமாகச் சில எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்துகளை எவ்வாறு படித்தனர், எங்ஙனம் தவறாகப் படித்தனர், பின்னர் எவ்வாறு திருத்தினர் என்பதை ஈண்டு காண்போம். ஏட்டுச்சுவடியில் பாட வேறுபாடு பார்த்துப் பழகிய தமிழ் மாணவர்க்கு இது தொலைவான பொருளன்று என்பது நம் கருத்து.

பொன்னிலிருந்து வெள்ளிக்கு

பிரித்தானியாவில் முதற்கண் வழங்கிய காசுகள் அத்தீவில் அடிக்கப்பட்டவையல்ல. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய வட பிரான்சும் பெல்ஜியமும் அடங்கிய கால் நாட்டுப் பகுதியினின்று பொற்காசுகள் கடல் கடந்து வந்தன. அவற்றின் மூலம் இன்னும் தொலைவில் உள்ளது. மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப் (ஆட்சிக் காலம் கி.மு. 359 – 336), அதாவது மாவீரர் அலெக்சாந்தரின் தந்தை, வெளியிட்ட பொற்காசே அது. அதன் ஒருபுறம் வாகைமாலை சூடிய அப்பல்லோ தேவனின் தலை. மறுபுறம் இரு குதிரை பூட்டிய தேர். அக்காசு ஐரோப்பாவின் உள்நாடுகளில் பரவ, ஆங்காங்கிருந்த கெல்ட்டியக் கம்மியர் அதனைப் பார்த்து அடித்தனர். அவர்கள் அடித்ததைப் பார்த்து வேறு சிலர் அடித்தனர். இவ்வாறு படியெடுத்ததைப் படியெடுத்தே இருநூறு ஆண்டுகள் கழிந்தன.

பிரித்தானியர் வெண்கலத்தையோ பொற்காசையோ குறித்த எடையுள்ள இரும்புக் கட்டிகளையோ பணமாகக் கொண்டனர் என்பது சீசர் தரும் செய்தி. வெள்ளியை அவர் குறிக்கவில்லை. இதனை அவர்தம் கவனக்குறைவு என்று கொள்ள வேண்டுவதில்லை. வெள்ளிக் காசு பரவலாக அடிக்கப்பெற்றது பெரும்பாலும் அவர் சென்று மீண்டதற்குப் பின்னரே, கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி, கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அது முடிந்துவிடுகிறது. ஏறத்தாழ நூறாண்டு வாழ்வே அதற்கு வாய்த்தது.

அவ்வெள்ளி எங்கிருந்து வந்தது? உரோமரின் தெனாரியஸ் காசுகளை உருக்கியதில் ஒரு பகுதி கிடைத்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதுவர். தெனாரியஸ் ஒன்றின் எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. கெல்ட்டியரின் வெள்ளிக்காசு பெரும்பாலும் ஒரு கிராமிற்குச் சற்று மேல். ஆகவே ஒன்றை உருக்கினால் மூன்று அடிக்கலாம்.

செய்முறையையும் மண்ணே காட்டிக் கொடுத்துள்ளது. லிங்கன்ஷயரில் உள்ள ஸ்லீஃபோர்டு என்னும் ஊரில் சுட்ட களிமண் தட்டுகளின் உடைந்த சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. நம் இல்லங்களில் பணியாரச் சட்டியில் குழிகள் இருப்பது போல அத்தட்டுகளில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் உள்ளன. நிறுத்துப் போட்ட உலோகத் துணுக்குகளை அக்குழிகளில் இட்டுக் கரி நெருப்பில் உருக்கினால் ஒவ்வொரு குழியிலும் ஒரு குண்டுமணி உருளும். அதனைத் தட்டித் தகடாக்கி, இரு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. அச்சு பெரிதாயும் தகடு சிறிதாயும் இருந்தமையால் படத்தில் பாதியும் எழுத்தில் பாதியும் பல காசுகளில் தகட்டிற்கு வெளியே போய்விட்டன. பின்னாளில் ஆய்வாளரை இடறவைத்த பிழைகள் பலவற்றிற்கு இந்த ஒரு செய்தியே காரணமாகும். செப்புக் கருவின் மேல் வெள்ளி முலாம் பூசிய கள்ளக் காசுகளும் அக்காலத்திலேயே இருந்தன. பணம் பிறந்த உடனே கள்ளப் பணமும் பிறந்துவிடுகிறது போலும்!

இனக்குழுக்கள்

கிழக்கே, இன்றைய நோர்ஃபோக் பகுதியில் இசேனியர். அவர்க்கு வடமேற்கே லிங்கன்ஷயர், லெஸ்டர்ஷயர்ப் பகுதிகளில் கொரியெல்தாவியர். மேற்கே குளோஸ்டர்ஷயரைச் சூழ்ந்து தொபூனியர். தெற்குக் கடலோரம் டார்செட்டில் துரோத்ரிகர். தென்கிழக்கில் அத்ரெபாத்தியர், கதுவெல்லௌனியர், திரினோவாந்தியர் எனப் பகுப்பது வழக்கம். இப்பெயர்கள் உரோம, கிரேக்க ஆசிரியர்கள் தந்தவை. காசு கிடைக்கும் இடங்களை நிலப்படத்தில் குறித்து, ஒரே வகைக் காசு செறிந்து கிடைக்கும் வட்டாரத்தின் மேல் அப்பெயர்களுள் ஒன்றை ஒட்டிவைத்தனர் நாணய ஆய்வாளர். அவ்வாறு ஒட்டியது பொருந்துமா என்பதை இன்றைய ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். இனக்குழுப் பெயரைத் தவிர்த்து, 'கிழக்கு வட்டாரக் காசு', 'வடகிழக்கு வட்டாரக் காசு' என இடம் சுட்டியே வழங்குவாரும் உளர். அதுவே நேர்மையான வழக்கு என்று நமக்குத் தோன்றுகிறது. எனினும் வாசிப்போரின் எளிமை கருதிப் பழைய பெயர்களையே ஈண்டு ஆள்கிறோம்.

இசேனியர் வெள்ளியில் மூன்று வகைகள் சிறப்புடையன. ஒன்றில் முதுகு மயிர் சிலிர்த்த காட்டுப்பன்றி. ஒன்றில் மனித முகம். ஒன்றில் முதுகோடு முதுகு சேர்ந்த இரு பிறைகள். மூன்றிற்கும் மறுபுறம் குதிரையே. சங்க நூல்கள் கேழல் என்றும் ஏனம் என்றும் வழங்கும் அவ்விலங்கு நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டதாயினும், கெல்ட்டியர்க்கு அது போர் மறத்தின் குறி. கேடயத்திலும் போர்க்கொம்பிலும் அதனைப் பொறித்து வைத்தனர். கொரியெல்தாவியரும் பன்றியும் குதிரையும் பொறித்தே தொடங்கினர். தொபூனியர் காசில் மூன்று வால் கொண்ட குதிரை ஓடும்.

துரோத்ரிகர் கதை தனியானது. அவர்கள் எழுத்தே பொறிக்கவில்லை என்று சொல்லலாம். பிறர் பொன்னில் அடித்த பெருங்காசை அவர்கள் வெள்ளியில் அடித்தனர். தொடக்கத்தில் வெண்பொன்னாக இருந்தது பின் வெள்ளியாகி, வெள்ளியில் செம்பு மிகுந்து, முடிவில் வெண்கலமாகவே ஆயிற்று. ஹெங்கிஸ்ட்பரி முனைத் துறைமுகத்தின் வழியே கால் நாட்டொடு நடந்த வாணிகம், சீசர் அந்நாட்டை வென்றபின் தளர்ந்ததே இதற்குக் காரணம் என்பர் ஒரு சாரார். காரணம் எதுவாயினும், ஒரு வட்டாரத்தின் செல்வம் தேய்ந்த வரலாற்றை ஒரு வரி எழுத்துமின்றி உலோகமே சொல்லிவிடுகிறது.

சிதைவா, ஆக்கமா?

பிரித்தானியக் காசுகளை முதன்முதலில் முறைப்படுத்தி ஆராய்ந்தவர் ஜான் எவான்ஸ். 1864இல் வெளிவந்த அவரது நூல் இத்துறைக்கு அடிப்படையாகும். மாசிடோனியக் காசை முதலாக நிறுத்தி, படிக்குப் படி வடிவம் திரிந்து வருவதை வரிசைப்படுத்தி, எது முந்தியது எது பிந்தியது என்று அவர் காட்டினார். அப்பல்லோவின் முகம் மறைந்து வாகைமாலை மட்டும் ஒரு கோடாக நிற்கும். சுருள்முடி பிறைகளாகப் பிரியும். இரு குதிரைகள் ஒன்றாகும். தேர் போய் அதன் சக்கரம் மட்டும் குதிரையின் கீழே தனியே உருளும். எவான்ஸ் இதனைச் சிதைவு என்றே கண்டார். முறை சிறந்தது, அம்முறை இல்லையேல் காலவரிசையே இல்லை. ஆனால் 'சிதைவு' என்னும் சொல்லொடு நாம் உடன்படுவதற்கில்லை.

கை தேராத கம்மியன் செய்யும் பிழை ஒருவகை. கை தேர்ந்தவன் வேண்டுமென்றே செய்யும் மாற்றம் வேறுவகை. மூன்று வால் என்பது பிழையால் வருவதன்று. குதிரையின் உடலை இரண்டு வளைவுகளாலும் மூட்டுகளைப் புள்ளிகளாலும் காட்டி, எஞ்சிய வெளியைச் சக்கரமும் பூவும் வளையமும் கொண்டு நிரப்புவது ஓர் அழகுணர்வின் விளைவு. அக்கலைஞர்களே செய்த கண்ணாடிப் புறங்களையும் வாள் உறைகளையும் கண்டோர், அவர்கட்கு முகம் வரையத் தெரியாது என்று கூறத் துணியார். கிரேக்கனுக்கு உடல் அழகு. கெல்ட்டியனுக்கு ஓட்டம் அழகு. அவ்வளவே.

உண்மையில் பொருள் அறியாது படியெடுத்தது எப்படி இருக்கும் என்பதற்கு அதே தீவிலேயே பிற்காலச் சான்று ஒன்று உண்டு. எட்டாம் நூற்றாண்டில் மெர்சியா நாட்டை ஆண்ட ஆஃபா மன்னரின் பொற்காசு ஒன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அப்பாசியக் கலீஃபா அல்-மன்சூர் வெளியிட்ட, ஹிஜ்ரி 157 (கி.பி. 773–774) ஆண்டு பொறித்த தீனாரின் படி அது. ஓரிறைக் கொள்கையை மொழியும் கலிமாவும் அதில் அப்படியே அரபு எழுத்தில் உள்ளது. இடையில் 'ஆஃபா அரசன்' என்று இலத்தீனில் பொறித்துள்ளனர். ஆனால் இலத்தீன் நேராக நிற்கும்படி பிடித்தால் அரபு தலைகீழாக நிற்கிறது! அச்சு வெட்டிய கம்மியனுக்கு அது எழுத்து என்பதுகூடத் தெரிந்திருந்ததோ, கோலம் என்றே எண்ணினானோ? எட்டு நூற்றாண்டு முந்திய கெல்ட்டியக் கம்மியனின் குதிரையை இதனொடு ஒப்பிட்டால், பார்த்து எழுதுவதற்கும் உள்வாங்கிப் படைப்பதற்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

'இன்னாரின் மகன்'

சீசருக்குப் பின்னர்த் தென்கிழக்குப் பகுதிக் காசுகளில் பெயர்கள் தோன்றுகின்றன. தாஸ்கியோவனுஸ் என்பவர் தம் பெயரொடு 'வெர்' என்று பொறித்தார். அது இன்றைய செயின்ட் ஆல்பன்ஸ் அருகிருந்த வெருலாமியம் என்னும் ஊர். அவர் மகன் எனத் தம்மைச் சுட்டும் குனோபெலினுஸ் 'கமு' என்று பொறித்தார். அது கமுலோடுனம், இன்றைய கோல்செஸ்டர். பிரித்தானியரின் அரசர் என்று சுவெட்டோனியஸ் குறிக்கும் இவரே, பின்னாளில் ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் சிம்பலின் ஆனவர். இவர்தம் வெள்ளியில் சிறகு முளைத்த குதிரையும், பெண்தலைச் சிங்கமும், உரோமப் பேரரசரை ஒத்த தலையும் வருகின்றன. உரோமப் படை வருமுன்னரே உரோமரின் உருவங்கள் வந்துவிட்டன.

இப்பெயர்களின் பின்னே 'எஃப்' என்று ஓர் எழுத்து நிற்கும். 'ஃபிலியுஸ்', அதாவது மகன் என்னும் இலத்தீன் சொல்லின் தலையெழுத்து அது. அரபு வழக்கில் 'இப்னு' என்று வருவதையும், நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைப்பதையும் ஒக்கும். இந்த ஓரெழுத்தே பெரும் சிக்கல் ஒன்றைத் தந்துள்ளது.

தெற்கே அத்ரெபாத்தியர் நாட்டில் மூவர், திங்கோமாருஸ், எப்பில்லுஸ், வெரிக்கா என்போர், தம்மைக் 'கொம்மியுஸின் மகன்' என்று பொறித்துக் கொண்டனர். கொம்மியுஸ் யார் என்பதைச் சீசரே கூறுகிறார். கால் நாட்டில் அவர் அரசராக்கி வைத்த நண்பர். பிரித்தானியாவிற்குத் தூதாகவும் அனுப்பியவர். கி.மு. 52இல் எழுந்த பெருங்கிளர்ச்சியில் அந்நண்பர் பகைவரானார். இனி உரோமன் ஒருவன் முகத்திலும் விழிப்பதில்லை என்று சூளுரைத்து முடிவில் கடல் கடந்து பிரித்தானியா சேர்ந்தார். அது கி.மு. 50ஐ ஒட்டிய நிகழ்ச்சி. ஆனால் வெரிக்கா ஆட்சியிழந்து ஓடியதோ கி.பி. 43க்குச் சற்று முன்னர். இடையே தொண்ணூறு ஆண்டுகள்! தந்தை வளர்ந்த வீரனாகத் தப்பி வந்து தொண்ணூறு ஆண்டு கழிந்தபின் மகன் ஆண்டுகொண்டிருத்தல் இயலுமா? கொம்மியுஸ் என இருவர் இருந்தனர் என்பர் சிலர். 'மகன்' என்பதைக் 'குலத்தோன்றல்' என்று கொள்ள வேண்டும் என்பர் சிலர். பின்னதே பொருந்துவதாக நமக்குப் படுகிறது. காசு பிறப்புச் சான்றிதழ் அன்று. ஆளும் உரிமை தமக்குண்டு என்று அரசர் எழுப்பும் குரல் அது. எப்பில்லுஸ் 'கல்லேவாவின் அரசர்' என்று பொறித்ததும் அக்குரலே; கல்லேவா இன்றைய சில்செஸ்டர்.

வெரிக்காவின் முடிவை டியோ கேசியஸ் கூறுகிறார். உள்நாட்டுக் கலகத்தால் துரத்தப்பட்ட 'பெரிக்கோஸ்' என்பவன் கிளாடியஸிடம் சென்று படை அனுப்பத் தூண்டினான் என்பது அவர் கூற்று. பெரிக்கோஸ் யாரென்பது காசு இல்லையேல் விளங்காமலே போயிருக்கும். இவ்விடத்தில் காசும் நூலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. எல்லா இடத்தும் அப்படியன்று.

பாட வேறுபாடுகள்

தொபூனியர் காசு ஒன்றில் 'பொதுவோக்' என்று ஒரு பெயர் உள்ளது. பழைய ஆய்வாளர் சிலர் அதனைக் கண்டதும், உரோமரை எதிர்த்துப் போரிட்ட இசேனிய அரசி பூதிக்காவின் பெயரென்றே கொண்டனர். ஓசை ஒற்றுமை ஒன்றே சான்று. பூதிக்கா கிழக்கே நோர்ஃபோக்கில் கிளர்ந்தவர். காசு கிடைப்பதோ மேற்கே குளோஸ்டர்ஷயரில். காலமும் ஒவ்வாது. அரசியின் புகழ் மிகப் பெரிது. ஆகவே அவர்தம் காசும் இருந்தாக வேண்டும் என்னும் விருப்பமே எழுத்தைப் படித்தது. பூதிக்காவின் பெயர் தெளிவாகப் பொறித்த காசு ஒன்றும் இதுவரை கிடைத்ததில்லை.

இவ்விருப்பம் பழைய காலத்தோடு நின்றுவிடவில்லை. இசேனியரின் அரிய வெள்ளிக்காசு ஒன்றில், ஒருபுறம் உரோமப் பாங்கான தலையைச் சுற்றிச் சில எழுத்துகளும், மறுபுறம் குதிரையின் கீழ் 'எசிக்கோ செய்தான்' என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரும் உள்ளன. முற்புறத்தை 'அரசன் பிரஸ்தோவின் கீழ்' என்று படித்தனர். பிரஸ்தோ என்பது பூதிக்காவின் கணவரும் டாசிட்டஸ் குறிப்பவருமாகிய பிரசுதாகுஸின் பெயர்ச் சுருக்கம் என்று முடிவு செய்தனர். பாடநூல்களிலும் அது ஏறிற்று. பின்னர்த் தெளிவான காசுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, 'அரசன்' என்று கொண்ட எழுத்துகள் தனிச்சொல் அல்ல, பெயரின் பகுதியே. முழுப்பெயர் 'எசுப்பிரஸ்தோ' என்று தெரியவந்தது. எசுப்பிரஸ்துஸ் என்பவரும் பிரசுதாகுஸும் ஒருவரா, வேறு வேறானவரா? ஒருவரே என்று வாதிடுவார் இன்றும் உளர். ஆயினும் முன்னிருந்த உறுதி போய்விட்டது. நமக்கு அக்காசில் பெரிதாகத் தோன்றுவது எசிக்கோவின் பெயரே. அரசன் யாராயினும் ஆகுக. செய்தவன் தன் பெயரை எழுதிச் சென்றான்.

திங்கோமாருஸின் பெயரும் இவ்வாறே திருந்தியது. அகஸ்டஸ் பேரரசர் தம் செயல்களைத் தாமே தொகுத்துரைத்த நெடுங்கல்வெட்டு, துருக்கியின் அங்காரா நகரில் ஒரு பழங்கோயிற் சுவரில் உள்ளது. ஹாஜி பைராம் பள்ளிவாசலை ஒட்டியே அச்சுவர் இன்றும் நிற்கிறது. தம்மிடம் அடைக்கலம் புகுந்த பிரித்தானிய அரசர் இருவரை அகஸ்டஸ் அதில் குறிக்கிறார். ஒருவர் பெயர் முதலெழுத்துகளோடு சிதைந்துவிட்டது. காசுகளில் கிடைத்த அரைகுறைப் பெயரைக் கொண்டு அவரைத் 'திங்கொம்மியுஸ்' என நிரப்பினர். தந்தை கொம்மியுஸ் ஆயிற்றே, மகன் பெயரும் அவ்வாறு இருப்பது இயல்பே எனக் கருதினர். 1996இல் ஹாம்ப்ஷயரின் ஆல்டன் என்னும் ஊரருகே கிடைத்த பொற்காசுப் புதையலில் பெயர் முழுமையாக இருந்தது: திங்கோமாருஸ்! பல்லாண்டு வழங்கிய பெயர் ஒரே நாளில் மாறிற்று.

இவை அரசர் பெயர்கள். ஓர் இனக்குழுவின் பெயரே தவறாக வழங்கிய செய்தியும் உண்டு. நாம் மேலே கொரியெல்தாவியர் என்று குறித்தோரை 1980கள் வரை எல்லா நூல்களும் 'கொரித்தானியர்' என்றே எழுதின. தாலமியின் நிலநூற் படிகளில் கண்ட வடிவம் அது. இரவென்னா நகரத்துப் பெயரறியா ஆசிரியர் ஒருவரின் ஊர்ப்பட்டியலில் சரியான வடிவம் இருந்தும், அச்சொல் இரண்டாகப் பிரிந்து எழுதப்பட்டமையால் ஒருவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. சுட்ட ஓட்டுத் துண்டு ஒன்றில் யாரோ கீறிவைத்த எழுத்தை மீளப் படித்த பின்னரே, 1983இல் பெயர் திருந்தியது. சீர் பிரிப்பதில் ஓர் எழுத்து இடம் மாறினால் பாட்டின் பொருளே மாறுவதை வகுப்பறையில் நாள்தோறும் காணும் நமக்கு இதில் வியப்பில்லை.

இனிக் கராதக்குஸ். குனோபெலினுஸின் மகனாகிய இவர் கி.பி. 43க்குப் பின் எட்டாண்டுகள் உரோமரை எதிர்த்து நின்று, கி.பி. 51இல் காட்டிக்கொடுக்கப்பட்டு, விலங்கிட்டு உரோம் நகர்க்குக் கொண்டு செல்லப்பட்டார். பேரரசர் முன் அவர் நிமிர்ந்து நின்று ஆற்றிய உரை ஒன்றை டாசிட்டஸ் தருகிறார். சொற்சுவையும் வாதத் திறனும் மிக்க உரை. அதைக் கேட்டே கிளாடியஸ் மன்னித்தார் என்பது கதை. ஆனால் அவ்வுரையின் நடை டாசிட்டஸின் இலத்தீன் நடை. நிகழ்ச்சிக்கு அரை நூற்றாண்டிற்கு மேல் கழித்து எழுதப்பட்டது. கராதக்குஸ் வெளியிட்ட காசோ சிறு வெள்ளி. ஒருபுறம் சிங்கத்தோல் போர்த்த எர்க்குலிஸின் தலை. மறுபுறம் பாம்பைப் பற்றிய கழுகு. எழுத்து 'கரா' என்னும் அளவே. உரை அழகியது என்பதில் ஐயமில்லை. எனினும் கராதக்குஸின் வாக்கு என்று நாம் உறுதியாகச் சொல்லத்தக்கது அந்த இரண்டு அசைகளே. ஆய்வு மாணவர் தம் கட்டுரையில் மேற்கோள் காட்டும்போது இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

உரோமரின் வெள்ளி மேற்கே பிரித்தானியக் காசுகளுக்கு முன்மாதிரியான அதே காலத்தில், கிழக்கே நம் நாட்டிற்கும் வந்தது. பொள்ளாச்சி, கரூர்ப் பகுதிகளில் கிடைத்த தெனாரியஸ்களுள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை மிகுதி. தலையும் தமிழ்ப் பிராமி எழுத்தும் பொறித்த 'மாக்கோதை' வெள்ளிக்காசில் உரோமக் காசின் செல்வாக்கு உண்டென்பது அறிஞர் கருத்து. பேரரசின் இரு புறத்தும் எல்லைக்கு வெளியே இருந்த அரசர்கள், அதே வெள்ளியைக் கண்டு, தம் தலையையும் தம் பெயரையும் தம் நாட்டு எழுத்திலோ இரவல் எழுத்திலோ பொறிக்க முற்பட்டனர். கெல்ட்டியர்க்கு இரவல் எழுத்தே வாய்த்தது.

மண்ணில் இருந்த இடம்

காசு தனியே ஒரு செய்தி. அது கிடந்த இடம் மற்றொரு செய்தி. 2000ஆம் ஆண்டில் லெஸ்டர்ஷயரின் ஹல்லாட்டன் என்னும் சிற்றூரருகே, வயல்களில் நடந்து தொல்பொருள் தேடும் உள்ளூர்க் குழுவினர் சில காசுகளைக் கண்டனர். அள்ளிச் செல்லாது உடனே அதிகாரிகட்குத் தெரிவித்தனர். முறைப்படி அகழ்ந்தபோது 5,000க்கு மேற்பட்ட காசுகள் வெளிப்பட்டன. அவற்றுள் 4,000க்கு மேற்பட்டவை கொரியெல்தாவியருடையவை, பெரும்பாலும் வெள்ளி. கி.மு. 211ஐச் சார்ந்த உரோமத் தெனாரியஸ் ஒன்றும், வெள்ளி போர்த்துப் பொன் முலாமிட்ட உரோமக் குதிரைவீரன் தலைக்கவசமும் உடனிருந்தன. குன்றின் மேல் வேலி சூழ்ந்த ஒரு வெளியின் நுழைவாயிலருகே பகுதி பகுதியாகக் காசு புதைத்துள்ளனர். நாய்களைக் காவல்போல் புதைத்துள்ளனர். விருந்துண்ட விலங்கெலும்புகளும் குவிந்துள்ளன. அச்சத்தால் ஒளித்த பணமன்று அது, வழிபாட்டில் படைத்த பணம் என்பது இவற்றால் விளங்கிற்று. காசு புதைத்தவர் எல்லாரும் படைக்கு அஞ்சிப் புதைத்தனர் என்று முன்பு எழுதப்பட்டதை இனி அப்படியே ஏற்க இயலாது. 1982இல் கேம்பிரிட்ஜ்ஷயரின் மார்ச் என்னும் ஊரில் ஒரு கலயத்துள் கிடைத்த 872 இசேனிய வெள்ளிக்காசுகளைப் பூதிக்காவின் தோல்வியொடு இணைப்போரும் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஹல்லாட்டனுக்கு மாறாக நிகழ்ந்தது சர்ரி மாவட்டத்து வான்பரோவில். அங்கும் ஒரு பழங்கோயில். அங்கும் வெரிக்கா முதலியோரின் வெள்ளிக்காசுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1980களின் நடுவில், செய்தி கசிந்தவுடன், உலோகம் காட்டும் கருவியொடு இரவில் வந்தவர்கள் அவற்றைத் தோண்டிச் சென்றுவிட்டனர். மீட்கப்பட்டது ஒரு பகுதியே. எஞ்சியவை நாடு நாடாக விலைபோயின. அந்நாளைய சட்டப்படி, புதைத்தவர் மீண்டும் எடுக்கும் நோக்கத்தோடு புதைத்தார் என்று நிறுவினால்தான் அது அரசிற்குரிய புதையல். கோயிலில் தெய்வத்திற்குப் படைத்ததை எவர் மீண்டும் எடுக்க எண்ணுவார்? இந்த ஓட்டை வழியே கள்வர் தப்ப வழியிருந்தது. அறிஞரும் உள்ளூர்த் தொல்லியல் கழகத்தாரும் ஓயாது முயன்றதன் பயனாக 1996இல் புதிய புதையற் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. முந்நூறு ஆண்டிற்கு மேற்பட்ட பொன் அல்லது வெள்ளிக் காசு இரண்டு ஓரிடத்தில் கிடைத்தாலே, புதைத்தவர் நோக்கம் எதுவாயினும், அதனை அறிவித்தாக வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. வான்பரோவில் போனவை போனவையே. சிங்கத்தோல் போர்த்த தலையும் பாம்பு பற்றிய கழுகும் உடைய காசுகள் இன்றும் ஏலத்திற்கு வருகின்றன. அவற்றுள் எது எந்தக் குழியில் எதனோடு கிடந்தது என்பதை இனி எவராலும் கூற இயலாது.